ரத்தநாளத்தின் கதை – 7: ஒட்டியவர் தட்டிய கதவு

முன்கதை: 1867, பெர்லின். பெரும்புகழ் பெற்ற விர்ஹோவின் உதவியாளர் யூலியுஸ் கோன்ஹைம், ஒரு தவளையின் குடலைத் தாங்கும் மெல்லிய சவ்வை நுண்ணோக்கிக்குக் கீழே விரித்துவைத்துப் பல மணிநேரம் கண்ணெடுக்காமல் பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த வெள்ளையணுக்கள் வேகம் குறைந்து ஓரமாக ஒதுங்கின. நாளத்தின் சுவரில் ஒட்டின. பிறகு அந்தச் சுவரைக் கடந்து வெளியே வந்தன. சீழில் இருப்பவை ரத்தத்திலிருந்து வெளியேறிய வெள்ளையணுக்களே என்று அவர் எழுதியது குருவின் கொள்கைக்கே எதிரானது. ஆனால் ஓடுகிற அணுவை நிறுத்தியது யார்? அந்தக் கேள்வியோடு சென்ற வாரம் நிறுத்தினோம்.

1

இந்த வாரம் தவளையை விட்டுவிட்டு மலேசியாவின் ஜோகூருக்கு வருவோம்.

1971ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் வெப்பமண்டல மருத்துவச் சங்கத்து இதழில் ஜோகூரின் பெயர் வந்தது. ஃபோங், காடிகன், கோட்னி என்ற மூவர் சேர்ந்து எழுதிய அறிக்கை. ஜோகூரில் ஒரு மனிதருக்கு மலேரியா கண்டிருக்கிறது. அவருடைய ரத்தத்தில் இருந்த கிருமி மனித மலேரியாவுக்கு உரியதாகத் தெரியவில்லை. குரங்குகளிடம் இருக்கும் பிளாஸ்மோடியம் நோலெசியாக இருக்கக்கூடும் என்பது அதன் சாரம். அந்த ‘இருக்கக்கூடும்’ என்பதைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்.

ஏன் அத்தனை தயக்கம்? அன்றைக்குக் கையில் இருந்த கருவி நுண்ணோக்கி. விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கண்ணாடிச் சில்லில் (ஸ்லைடில்) தேய்த்து, காயவைத்து, ஜீம்சா சாயம் ஏற்றி, மேலே ஒரு துளி எண்ணெய் விட்டு ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்கவேண்டும். சிவப்பணுவுக்குள் நீல வளையமாக, ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியோடு கிருமி தெரியும். நோலெசியின் இளம்பருவ வளையம், ஆளைக் கொல்லும் ஃபால்சிபாரத்தின் வளையத்தைப் போலவே இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் அணுவின் குறுக்கே ஒரு பட்டையாக நீண்டு, அவ்வளவாகத் தொல்லை தராத மலேரியே என்னும் கிருமியின் சாயலுக்கு மாறிவிடும். பழகிய கண்ணையும் ஏமாற்றக்கூடிய மாற்றம் இது.

ஏமாற்றியும் இருக்கிறது. 1965இல் பகாங் காட்டில் நில அளவை வேலைக்கு வந்துபோன ஓர் அமெரிக்கருக்கு ஊர் திரும்பும் நேரத்தில் காய்ச்சல் கண்டது. அவருடைய ரத்தத்தைப் பார்த்த ஒருவர் ஃபால்சிபாரம் என்றார். இன்னொருவர் மலேரியே என்றார். கடைசியில் அந்த ரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தினார்கள். குரங்குகள் செத்தன. அப்போதுதான் உண்மை வெளிவந்தது. இயற்கையாகக் கொசு கடித்து ஒரு மனிதருக்கு நோலெசி வந்ததாக உறுதியான முதல் நிகழ்வு அது.

உடனே தேடினார்கள். பகாங்கில் அவர் தங்கியிருந்த வட்டாரத்துக் கிராமங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சேகரித்துக் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். ஒன்றுக்கும் நோய் வரவில்லை. சரி, அமெரிக்கருக்கு வந்தது அபூர்வமான விபத்து என்று முடிவுகட்டினார்கள். அந்த முடிவின் சூடு ஆறுவதற்குள் வந்ததுதான் ஜோகூர் அறிக்கை. அதற்குக் காதுகொடுத்தவர்கள் மிகக் குறைவு. அடுத்த 30 ஆண்டுகளுக்கு மேல் அது மருத்துவ நூல்களின் ஓரக்குறிப்பாகவே கிடந்தது.

ஸ்லைடில் தெரிவது ஓடுகிற ரத்தம். நாளத்தின் சுவரில் ஒட்டி நின்றுவிட்டது எந்த ஸ்லைடிலும் வராது. தேடவேண்டிய இடம் அந்தச் சுவர்.

2

நோலெசியின் பூர்வீகத்தைத் தேடினால் ஜோகூர் நீரிணையின் அக்கரைக்கே வந்துசேர்வோம். சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்கு வரவழைத்த ஒரு நீண்டவால் குரங்கு. மலாய்க்காரர்கள் கெரா என்பார்களே, அதே குரங்கு. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் காலா அசார் ஆய்வில் இருந்த நேப்பியரும் காம்ப்பெல்லும் அதன் ரத்தத்தில் புதிய கிருமி ஒன்றைப் பார்த்தார்கள். அதே நிறுவனத்தின் ராபர்ட் நோல்ஸும் பிராஜ் மோகன் தாஸ் குப்தாவும் 1932இல் அதை விரிவாக ஆராய்ந்து, ரத்தம் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்று காட்டினார்கள். சின்டனும் முல்லிகனும் அதற்கு நோல்ஸின் பெயரைச் சூட்டினார்கள். தாஸ் குப்தாவின் பெயர் கிருமியின் பெயரில் ஏறவில்லை. இந்தத் தொடரிலாவது அது அழுத்தமாகப் பதிவாகட்டும்.

இந்தக் கிருமிக்கு ஒரு கொடிய குணம் உண்டு. ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் ரத்தத்தில் ஒரு சுற்றுப் பெருக 48 மணிநேரம் எடுக்கும். மலேரியேக்கு 72. நோலெசிக்கு 24 போதும். ஒவ்வொரு நாளும் ஒரு தலைமுறை. கெராவுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாது. ரீசஸ் குரங்கைச் சில நாளில் கொன்றுவிடும். மூளையைத் தாக்கிய சிஃபிலிஸ் நோயாளிகளுக்குச் செயற்கையாகக் காய்ச்சல் வரவழைக்கும் சிகிச்சைக்கு 1930களில் இதைப் பயன்படுத்தினார்கள். ருமேனியாவில் ஆளிலிருந்து ஆளுக்கு 170 முறை மாற்றிய பிறகு வீரியம் கட்டுமீறிப்போய், நிறுத்தவேண்டியதாயிற்று.

குரங்கு மலேரியா ஒருபுறம் இருக்கட்டும். தோட்டத்துத் தமிழருக்கு மலேரியாக் காய்ச்சல் கூடவே வந்த துணை. காட்டை வெட்டிப் பால்மரம் நட்டபோது, மரநிழலில் இருண்டு ஓடிய மலையோடைகள்மேல் வெயில் விழுந்தது. வெயில் படும் தெளிந்த ஓடை நீரில்தான் அனோஃபிலஸ் மாகுலாடஸ் கொசு முட்டையிடும். கிள்ளானில் வேலை பார்த்த டாக்டர் மால்கம் வாட்சன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த உண்மையைக் கண்டு எழுதினார். அதன்பின் மலேயாத் தோட்டங்களில் ஓடைகளை மண்ணுக்கடியில் குழாயில் விட்டார்கள். நீரில் எண்ணெய் தெளிக்க ஆள் போட்டார்கள். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடும்போதே கொயினா கொடுத்தார்கள். அந்தக் கசப்பை நாக்கில் வாங்கிக்கொண்டு வெட்டுக்குப் போன தலைமுறை அது.

கொயினா பிழைக்கவைத்தவர்கள் பலர். பிழைக்காதவர்களைப் பற்றி லயத்தில் ஒரே பேச்சுத்தான்: காய்ச்சல் தலைக்கேறிவிட்டது. நேற்றுவரை முனகிக்கொண்டிருந்தவர் இன்று கூப்பிட்டால் கண் திறக்கமாட்டார்.

தலைக்கு ஏறியது எது என்று இத்தாலியில் மார்கியாஃபாவாவும் பிக்னாமியும் 1890களிலேயே பார்த்துவிட்டார்கள். மலேரியாவில் இறந்தவர்களின் மூளையில் நுண்ணிய நாளங்கள் அடைத்துக் கிடந்தன. அடைத்திருந்தவை கிருமி புகுந்த சிவப்பணுக்கள். ரத்த ஓட்டத்தோடு போகவேண்டியவை உட்சுவரைப் பற்றிக்கொண்டு நின்றிருந்தன.

தவளையில் வெள்ளையணு செய்ததை மனித மூளையில் சிவப்பணு செய்திருந்தது. இரண்டும் பிடித்தது ஒரே பிடியையா?

3

கோன்ஹைம் சாகும்போது அவருக்கு வயது 45. அதற்குள் ஒரு துணிச்சலான கருத்தை விட்டுச்சென்றிருந்தார். 1873இல் அவர் எழுதியது இது: வீக்கத்தில் முதலில் மாறுவது நாளத்தின் சுவர், வெள்ளையணு அதற்குப் பிறகுதான் நிற்கிறது. அன்று அதை நிரூபிக்க வழியில்லை. உட்சுவர் என்பது ஒற்றை அடுக்கு அணு. பெரும்பாலான இடங்களில் அதன் கனம் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. ரத்தம் கசியாமல் இருக்கப் பூசிய பூச்சு என்றே நெடுங்காலம் அதை நினைத்தார்கள்.

சரியாக நூறு ஆண்டு கழித்து, 1973இல், நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் அவருடைய கூட்டாளிகளும் பிரசவ அறையிலிருந்து வேலையைத் தொடங்கினார்கள். குழந்தை பிறந்ததும் வெட்டியெறிகிற தொப்புள்கொடி. அதற்குள் ஒரு சிரை, இரண்டு தமனிகள். சிரையின் ஒரு முனையில் மெல்லிய குழலைச் செருகி, ரத்தம் போகக் கழுவி, கொல்லாஜினேஸ் என்ற நொதியை நிரப்பி இரு முனையையும் கட்டிவைப்பார்கள். உட்சுவரைப் பிடித்துவைத்திருக்கும் பசை இளகும். பிறகு அலசினால் உட்சுவர் அணுக்கள் உதிர்ந்து வரும். அவற்றைத் தட்டில் ஊட்டம் கொடுத்து வளர்த்தால் சில நாளில் இடைவெளி இல்லாமல் ஒரே அடுக்காகப் பரவி நிற்கும். மனித ரத்தநாளத்தின் உட்சுவரை முதன்முறையாகத் தட்டில் வைத்துத் தனியாக விசாரிக்க முடிந்தது.

விசாரணைக்குப் பன்னிரண்டு ஆண்டு கழித்துப் பதில் வந்தது. 1985இல் பாஸ்டனில் பெவிலாக்வா, கிம்ப்ரோன் குழுவினர் அந்த அணுக்களின்மேல் இன்டர்லூகின்-1 என்ற வீக்கச் செய்திப் பொருளை விட்டார்கள். சில மணிநேரத்தில் உட்சுவரின் குணமே மாறியது. மேலே ஊற்றிய வெள்ளையணுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டின. உட்சுவர் அணுக்கள் புதுப் புரதம் செய்யமுடியாதபடி தடுத்தபோது அந்த ஒட்டல் ஏற்படவில்லை. சுவர் தானே ஏதோ ஒன்றைச் செய்து வெளியே நீட்டியிருக்கிறது. கோன்ஹைம் சொன்னது சரி.

நீட்டியது எதை? அதைக் கண்டுபிடிக்க உதவியவர்கள் சில பச்சிளங்குழந்தைகள்.

4

குழந்தையின் தொப்புள்கொடித் துண்டு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழும். சில குழந்தைகளுக்கு மூன்று வாரம் தாண்டியும் விழாது. தொப்புளில் புண் வரும். பிறகு தோலில், ஈறில், குடலில் ஓயாத தொற்று. விசித்திரம் என்னவென்றால் புண்ணில் சீழ் இருக்காது. ரத்தத்தைச் சோதித்தால் வெள்ளையணுக்கள் வழக்கத்தைவிடப் பலமடங்கு இருக்கும். படை முழுதும் ரத்தத்தில் சுற்றுகிறது, தேவையான இடத்தில் ஒன்றும் இறங்கவில்லை. காய்ந்த தொப்புள்கொடியை அறுத்து விழவைக்கும் வேலையிலும் வெள்ளையணுவுக்குப் பங்கு உண்டு என்பது இந்தக் குழந்தைகளால்தான் தெரியவந்தது. அவர்களில் பலர் இரண்டு வயதைக் காணவில்லை.

1980களில் காரணம் தெரிந்தது. வெள்ளையணுவின் மேற்பரப்பில் இண்டெகிரின் என்ற பிடிப்புப் புரதங்கள் உண்டு. அவற்றில் சிலவற்றுக்குப் பொதுவான ஒரு பாதி, சிடி18, இந்தக் குழந்தைகளிடம் இல்லை அல்லது மிகக் குறைவு. கை இல்லாத அணு சுவரைப் பிடிக்காது.

அமெரிக்க விஞ்ஞானி டிமதி ஸ்பிரிங்கரின் குழு இங்கே ஒரு நுட்பமான காரியம் செய்தது. பிடிக்கிற கை இந்த நோயாளியின் அணுக்களில் இல்லை. ஆனாலும் நலமான ஒருவரின் அணுக்கள் இவற்றைப் பிடித்துக்கொள்கின்றன. அப்படியானால் பிடிகொடுக்கும் மறுபாதி இவற்றில் இருந்தாகவேண்டும். நோயாளியின் அணுக்களைக் கொண்டே எலிகளில் எதிர்ப்புரதம் உண்டாக்கி, ஒட்டலைத் தடுக்கும் ஒன்றைப் பொறுக்கியெடுத்தார்கள். அது போய்ப் பற்றிய புரதத்துக்கு 1986இல் ஐகேம்-1 என்று பெயரிட்டார்கள். வீக்கச் செய்தி வந்ததும் உட்சுவர் அள்ளி நீட்டும் பிடிகளில் ஒன்று இதுதான். பெயர் தெரியாத அந்தக் குழந்தைகளுக்கு இன்றைய மருத்துவம் பட்டிருக்கும் கடன் பெரிது.

5

பிடி கிடைத்துவிட்டது. ஆனால் ஓடுகிற ரத்தத்தில் அது வேலைசெய்யுமா?

1991இல் லாரன்ஸும் ஸ்பிரிங்கரும் ஒரு கண்ணாடி அறைக்குள் ஐகேம்-1ஐ மட்டும் பரப்பி, வெள்ளையணுக்களை ரத்த வேகத்தில் ஓடவிட்டார்கள். ஒன்றும் நிற்கவில்லை. செலக்டின் என்ற வேறொரு புரதத்தைப் பரப்பினார்கள். அணுக்கள் வேகம் தளர்ந்து உருண்டன, நிற்கவில்லை. இரண்டையும் சேர்த்துப் பரப்பி, அணுக்களைத் தூண்டும் பொருளையும் கலந்தபோதுதான் உருண்டுவந்தவை அப்படியே நின்றன.

வரிசை புரிந்தது. செலக்டின் அணுவை உருளவைக்கிறது. உருளும்போது சுவரில் படிந்திருக்கும் கீமோகைன் என்ற செய்திப் புரதத்தை அணு தொடுகிறது. அந்தத் தொடுகை ஜி-புரதங்கள் வழியாக உள்ளே பாய்ந்து, டாலின் என்ற புரதத்தை இண்டெகிரினின் வாலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதுவரை மடங்கிக் கிடந்த இண்டெகிரின் நிமிர்ந்து ஐகேமை இறுகப் பிடிக்கிறது. இவ்வளவும் நொடிகளுக்குள்.

இது வெள்ளையணுவுக்குள் நடக்கும் சமிக்ஞை. எனக்கு எப்போதும் இதைவிட வியப்பாக இருப்பது மறுபக்கம். ஒட்டியதும் சுவருக்குள் என்ன நடக்கிறது?

1993இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஹுவாங்கும் சில்வர்ஸ்டைனும் கூட்டாளிகளும் இதைப் பார்த்தார்கள். கால்சியம் கூடினால் ஒளியில் வேறுபாடு காட்டும் சாயத்தை உட்சுவர் அணுக்களில் ஏற்றினார்கள். மேலே வெள்ளையணுக்களை விட்டார்கள். அவை ஒட்டிக் கடக்கத் தொடங்கியபோது உட்சுவர் அணுவுக்குள் கால்சியம் எகிறியது. அடுத்து அவர்கள் செய்ததுதான் இந்த அத்தியாயத்தின் உயிர். உட்சுவர் அணுக்களுக்குள் மட்டும் கால்சியம் ஏறமுடியாதபடி ஒரு வேதிப்பொருளால் கட்டிவைத்துவிட்டு, மறுபடியும் வெள்ளையணுக்களை விட்டார்கள். வெள்ளையணுக்கள் வழக்கம்போல ஒட்டின. ஒன்றுகூடக் குறையவில்லை என்னும் அளவுக்கு ஒட்டின. ஆனால் கடந்து போவது தடைப்பட்டது.

வெள்ளையணு வந்து கதவைத் தட்டுகிறது. உள்ளே இருப்பவர் எழுந்துவந்து திறந்தால்தான் வழி.

கோன்ஹைமின் தவளையில் சுவரைத் துளைத்துப் போவதுபோலத் தெரிந்தது இதுதான். சுவர் சம்மதித்துத் திறந்திருக்கிறது. அந்தச் சம்மதம் எப்படி நகர்கிறது என்று பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாகக் கோத்தார்கள். உட்சுவர் அணுவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஐகேம்-1இன் வால் மிகக் குட்டையானது, 28 அமினோ அமிலங்கள்தான். தானாக அது எந்த வேதிவினையும் செய்யாது. வெள்ளையணு பல ஐகேம்களைச் சேர்த்துப் பிடிக்கும்போது அவை ஓரிடத்தில் திரள்கின்றன. திரண்ட வால்களைச் சுற்றி உள்ளே வேறு புரதங்கள் கூடுகின்றன. சார்க் என்ற நொதி விழிக்கிறது. ரோ என்ற மூலக்கூறு பொத்தான் அழுத்தப்படுகிறது. அணுவைத் தாங்கும் ஆக்டின் இழைகள் இறுகி இழுக்கின்றன. பக்கத்துப் பக்கத்து அணுக்களைக் கோத்துவைத்திருக்கும் விஇ-கெதரின் என்ற தையல் தளர்கிறது. இடைவெளி பிறக்கிறது. வெள்ளையணு தன்னை ஒடுக்கிக்கொண்டு நுழைகிறது. விகேம்-1 என்ற இன்னொரு பிடியைத் தொட்டால் பாதை சற்று வேறு: ராக் என்ற மூலக்கூறு வழியாகச் சுவரணு கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடையே செய்திப்பொருளாக உண்டாக்குகிறது.

2004இல் கார்மனும் ஸ்பிரிங்கரும் எடுத்த படங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. ஒட்டிய வெள்ளையணுவைச் சுற்றி உட்சுவர் அணு விரல்விரலாக மேலெழுந்து, ஐகேம் நிறைந்த கிண்ணம்போல அதை ஏந்திக்கொள்கிறது. சிலநேரம் இரண்டு அணுக்களின் இடையே வழிவிடுகிறது. சிலநேரம் தன் உடலையே திறந்து ஊடாக அனுப்பிவைக்கிறது. அனுப்பிய கையோடு மூடிக்கொள்கிறது.

இவ்வளவு நுட்பமான வாசலைக் கள்ளன் பார்க்காமல் இருப்பானா?

6

1989ஆம் ஆண்டு ஐகேம்-1க்குப் பொல்லாத ஆண்டு. சளிக்காய்ச்சல் தரும் ரைனோவைரஸ்களில் பெரும்பாலானவை மூக்கின் அணுக்களுக்குள் நுழையப் பயன்படுத்துவது ஐகேம்-1ஐத்தான் என்று அமெரிக்காவின் இரண்டு குழுக்கள் அறிவித்தன. அதே ஆண்டு ஆக்ஸ்போர்டில் பெரென்ட், நியூபோல்ட், மார்ஷ் குழுவினர் இன்னொன்றை அறிவித்தார்கள். ஃபால்சிபாரம் புகுந்த சிவப்பணு நாளத்தின் சுவரில் பற்றுவதும் ஐகேம்-1ஐ.

மார்கியாஃபாவா பார்த்த அடைப்புக்கு அப்போதுதான் ஒரு முகவரி கிடைத்தது. சிவப்பணுவுக்கு இயல்பில் பிடிக்கும் கை கிடையாது. அதற்குள் குடியேறிய கிருமி ஒரு புரதத்தைச் செய்து அணுவின் மேற்பரப்பில் குமிழ்குமிழாக நட்டுவைக்கிறது. வெள்ளையணுவுக்கென்று சுவர் நீட்டிய பிடியை இந்தப் பொய்க்கை பற்றுகிறது. ஏன் பற்றவேண்டும்? ஓடிக்கொண்டே இருந்தால் மண்ணீரலுக்குப் போகும். அங்கே வடிகட்டி அழித்துவிடுவார்கள். ஒட்டி நின்றால் பிழைக்கும்.

இதில் கொடுமை ஒன்று உண்டு. உடல் கிருமியை எதிர்க்கக் காய்ச்சலோடு வீக்கச் செய்திகளையும் ரத்தத்தில் கொட்டுகிறது. அந்தச் செய்தி கேட்டு உட்சுவர் இன்னும் அதிகமாக ஐகேமை நீட்டுகிறது. காக்க வருகிறவருக்காக வைத்த பிடி, கொல்ல வந்தவருக்கும் பெருகுகிறது. பொய்க்கை பற்றினாலும் உள்ளே சமிக்ஞை ஓடும் என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. 1994இல் தென்கிழக்காசியாவில் மலேரியாவில் இறந்த பெரியவர்களின் மூளையைச் சோதித்தபோது, சிவப்பணுக்கள் அடைந்து நின்ற நாளங்களில் ஐகேம்-1 நிறைந்திருந்தது. பெரட்டில் கொயினா குடித்தும் தப்பாமல் போனவர்களின் தலைக்கு ஏறியது இதுவே.

சரி, ஜோகூர்க்காரரின் நோலெசி?

அது ஒட்டாது என்றே எல்லாரும் நம்பினார்கள். அதற்கு நியாயமும் இருந்தது. ஃபால்சிபாரத்தின் முதிர்ந்த பருவங்கள் சுவரில் ஒட்டிவிடுவதால் ஸ்லைடில் இளம் வளையங்களே அதிகம் தெரியும். நோலெசியில் இளமை முதல் முதுமைவரை எல்லாப் பருவமும் ஸ்லைடில் தெரியும். எல்லாம் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது?

2004இல் சரவாக்கின் காப்பிட்டில் பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் மரபணுச் சோதனையை இறக்கினார்கள். நுண்ணோக்கியில் மலேரியே என்று எழுதிவைத்திருந்தவை உண்மையில் நோலெசி. 208 நோயாளிகளில் 120 பேருக்கு அதுவே. அபூர்வம் என்ற சொல் அன்றோடு போயிற்று. இன்று மலேசியாவுக்குள் தொற்றும் மலேரியா பெரும்பாலும் இந்தக் குரங்கு மலேரியாதான். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் பழைய வகைகள் உள்ளூரில் 2018 முதல் பதிவாகவில்லை. செம்பனைத் தோட்டத்து ஓரமும் காட்டின் விளிம்பும் கெராக்களும் உள்ள ஜோகூர் இதற்கு விலக்கல்ல. 1971இல் அந்த மூவரும் தயங்கித் தயங்கிச் சொன்னதை உறுதிசெய்ய அன்றே மரபணுச் சோதனை இருந்திருந்தால் என்ற எண்ணம் எனக்கு ஆறவில்லை.

2012இல் சரவாக் நோயாளிகளின் நோலெசியை எடுத்துச் சோதித்தார்கள். ஓடுகிறது, ஒட்டாது என்று நம்பிய அந்தச் சிவப்பணுக்கள் ஐகேம்-1இல் ஒட்டின. விகேம்-1இலும் ஒட்டின. அதாவது வெள்ளையணுவுக்கென்று சுவர் வைத்திருக்கும் இரண்டு பிடிகளையும் குரங்குக் கிருமி தெரிந்துவைத்திருக்கிறது.

கணக்குத் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அதற்கு இரண்டு ஆண்டு முன்னதாகவே, 2010இல், வேறொரு சாட்சியம் வெளிவந்திருந்தது. கிழக்கு மலேசியாவில் நோலெசி கண்டு, மருத்துவமனையில் சேர்ந்த சில மணிநேரத்தில் இறந்துபோன ஓர் ஆணின் பிரேதப் பரிசோதனை. மூளையின் நுண்ணாளங்கள், இதயம், சிறுநீரகம் எல்லாம் கிருமி புகுந்த சிவப்பணுக்களால் நிறைந்திருந்தன. மூளையில் ஊசிமுனை ஊசிமுனையாக ரத்தக்கசிவு. ஆய்வாளர்கள் மூளைத் துண்டுகளில் ஐகேம்-1ஐத் தேடிச் சாயமேற்றினார்கள்.

ஐகேம்-1 அங்கே இல்லை. வீக்கத்தின் அறிகுறியும் இல்லை. கதவை யாரும் தட்டியதாகவே தெரியவில்லை.

பிறகு அந்தச் சிவப்பணுக்கள் மூளையில் எதைப் பிடித்துக்கொண்டு நின்றன?

(தொடரும்)